ஈரோட்டிலிருந்து கொச்சிக்கு மூன்று நாள்: மாசியில் போங்கள், மத்தியானம் படுத்துக்கொள்ளுங்கள்

ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மார்ச், ஏப்ரலில் கொச்சிக்கு மூன்று நாள் போக வேண்டும். கூட வருவது முழங்கால் வலியுள்ள அம்மா, சைவம் மட்டும் சாப்பிடும் அம்மாயி (அம்மாவின் அம்மா), கடலைப் பார்த்தே இராத எட்டு வயதுப் பையன். எந்த வாரம் போவது, எங்கே தங்குவது, வெயில் தாங்குமா, குருவாயூரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

நான் காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவன். கொச்சி விலை என்ன என்று கேட்காமல் எங்களுக்குப் பொழுது விடியாது. அதனால் இருபது வருடமாக அங்கே போக வர இருக்கிறேன். வேலையாகப் போனது பாதி, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கட்டிக்கொண்டது மீதி. அந்த மீதியிலிருந்துதான் இந்தப் பதில்.

முதலில் தேதி. இணையத்தில் தேடினால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நம் வீட்டுக் காலண்டர் அப்படி இல்லையே. பங்குனியில் உங்கள் ஊர் பெரிய மாரியம்மன் நோம்பி வந்துவிடும். பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் மஞ்சள் நீராட்டு முடியும் வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்பார்கள். டவுனுக்குள் இதையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அம்மாயி பார்ப்பார். டிக்கெட் எடுத்த பிறகு அதைச் சொல்வார். எனவே கோயில் அறிக்கை வந்ததும் முதலில் அந்தத் தேதிகளை அடித்துவிடுங்கள். அடுத்தது பையனின் பரீட்சை. அதுவும் பள்ளியைக் கேட்டால் தெரிந்துவிடும்.

இரண்டையும் கழித்தால் மிச்சம் இரண்டு வாய்ப்புதான். ஒன்று, மாசிக் கடைசி, அதாவது மார்ச் முதல் வாரம். பையனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட வேண்டும். இன்னொன்று, பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசி. நான் யோசிக்காமல் முதலாவதைச் சொல்வேன். ஏப்ரல் கடைசிக்குள் கேரளப் பள்ளிகளும் விட்டுவிடுவார்கள், ஊரே வெளியே கிளம்பியிருக்கும். ஈஸ்டர், விஷு, திருச்சூர்ப் பூரம் எல்லாம் இந்த ஒன்றரை மாதத்துக்குள் வரிசையாக வரும். பூரம் நடக்கும் நாளில் திருச்சூர் வழியாகப் போகும் ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். பெரிய வெள்ளியன்று பாதிக் கடை சாத்தியிருக்கும். கும்ப மாதத்தில், நமக்கு மாசி, சோட்டானிக்கரை பகவதி கோயிலில் மகம் தொழல் நடக்கும். அம்மாவுக்கு அந்தக் கூட்டம் ஆகாது, அந்த ஒரு நாளையும் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

சரி, வெயில் எப்படி. மார்ச்சில் ஈரோட்டில் முப்பத்தேழு டிகிரி அடிக்கும்போது கொச்சியில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். நம் ஊர் வெயில் காய்ந்த வெயில். வேர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடும், நிழலில் நின்றால் சமாளித்துவிடலாம். அங்கே காற்றிலேயே தண்ணீர் நிற்கிறது. வேர்வை உலராது, உடம்புச் சூடு இறங்க வழியில்லை, நிழலிலும் நசநசவென்று இருக்கும். ராத்திரியும் இருபத்தைந்துக்குக் கீழே போவது அபூர்வம். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம் என் மாமியாரை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சீனவலைப் பக்கம் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது போட்டோவில் அவர் இல்லை. மயங்கிக் கீழே உட்கார்ந்திருந்தார். வீட்டில் இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

வெயிலில் வேலை செய்கிறவர்களை மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறையே கோடையில் உத்தரவு போடுகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த ஆளுக்கே அந்தச் சட்டம் தேவைப்படுகிறது. நாம் மட்டும் காசு கொடுத்துப் போய் அந்த நேரத்தில் ரோட்டில் ஏன் நிற்க வேண்டும்? எந்த மாதம் போகிறீர்கள் என்பதைவிட எந்த மணிக்கு வெளியே இருக்கிறீர்கள் என்பதில்தான் இந்தப் பயணமே இருக்கிறது. வெடியால ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் ஒரு சுற்று. பிறகு நாலு மணி வரை அறை, சாப்பாடு, தூக்கம். நாலுக்கு மேல் கடல்காற்று நன்றாக வீசும்போது அடுத்த சுற்று. ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து, எந்தக் கிழமை எது பூட்டு என்பது. வெள்ளி, சனி, ஞாயிறு போகிறவர்கள் எல்லோரும் இதில்தான் மாட்டுவார்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே இருக்கும் யூதர் ஜெபாலயம் சனிக்கிழமை திறக்காது, வெள்ளி மத்தியானத்துக்கு மேலும் திறக்காது. அவர்களுடைய பண்டிகை நாட்களிலும் அப்படியே. பெசாக் பண்டிகை மார்ச் கடைசி, ஏப்ரலில்தான் வரும் என்பதால் உங்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருப்பூணித்துறை ஹில் பேலஸுக்குத் திங்கள் விடுமுறை. ஆக மூன்று நாளில் மட்டாஞ்சேரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் பொருந்துகிறது. வெள்ளி போய்ச் சேருவது, சனி ஃபோர்ட் கொச்சி, ஞாயிறு காலை மட்டாஞ்சேரி, அன்று சாயங்காலம் அல்லது திங்கள் காலை திரும்புவது. இப்படி வைத்துக்கொண்டால் பூட்டிய கதவு எதுவும் குறுக்கே வராது.

காரா ரயிலா என்றால், அம்மாவின் முழங்காலுக்கு ரயில்தான். 2025 நவம்பரிலிருந்து பெங்களூர் – எர்ணாகுளம் வந்தே பாரத் ஓடுகிறது. ஈரோடு, திருப்பூர், கோவை எல்லாம் நின்று மத்தியானத்துக்குள் எர்ணாகுளம் சேர்த்துவிடும். அதில் இடம் கிடைக்காவிட்டால் மற்ற பகல் ரயில்கள் இருக்கின்றன; ஐந்து, ஐந்தரை மணி நேரப் பயணம். முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அந்த நாளை மறந்துவிடாதீர்கள். ஞாயிறு சாயங்காலம் வடக்கே திரும்பும் ரயில்கள் மாணவர்களாலும் ஐ.டி. ஆட்களாலும் நிரம்பி வழியும். திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டுப் போகும் டிக்கெட்டைப் பிறகு எடுங்கள். எர்ணாகுளத்தில் ஜங்ஷன், டவுன் என்று இரண்டு ஸ்டேஷன். ஊர்க்காரர்கள் சவுத், நார்த் என்பார்கள். சில வண்டிகள் டவுனோடு கோட்டயம் பக்கம் திரும்பிவிடும், டிக்கெட்டில் எது என்று பார்த்து இறங்குங்கள்.

பகலில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஜன்னல். மதுக்கரை தாண்டி வாளையாறு வரும்போது இரண்டு பக்கமும் மலை விலகி நிற்பதைப் பையனுக்குக் காட்டுங்கள். பாலக்காட்டுக் கணவாய் அதுதான். ஆடியில் நம் ஊருக்கு வரும் மேல்காற்று இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. ஷொர்ணூர் தாண்டியதும் பாரதப்புழையைக் கடப்பீர்கள். மார்ச்சில் மணல்தான் அதிகம், நடுவில் ஒரு கீற்றுத் தண்ணீர் ஓடும். அதில் நம் ஆழியாற்றுத் தண்ணீரும் உண்டு. ஆனைமலையில் இறங்கிப் பொள்ளாச்சிப் பக்கமாக மேற்கே போய் இந்த ஆற்றில்தான் சேருகிறது.

தங்குவதற்கு எர்ணாகுளமா, ஃபோர்ட் கொச்சியா என்று கேட்டிருந்தீர்கள். வேலையாகப் போனால் எர்ணாகுளம். குடும்பத்தோடு என்றால் ஃபோர்ட் கொச்சி. காலையில் கதவைத் திறந்து நடந்தாலே கரை வந்துவிடும், அந்த ஆறு மணிச் சுற்றுக்கு ஆட்டோ பேச வேண்டியதில்லை. ஆனால் பழைய டச்சுக்கார வீடுகளை விடுதியாக்கியிருப்பார்கள். படிக்கட்டு மரத்தில், ஏணி மாதிரி நெட்டுக்குத்தாக இருக்கும். அறை தரைத்தளத்தில் வேண்டும், குளியலறையில் மேற்கத்திய வகைக் கழிப்பறை வேண்டும் என்று இரண்டையும் போனில் கேட்டு உறுதிசெய்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என்னிடம் ஒரு விடுதியில் கீழே என்று சொல்லிவிட்டு, போன பிறகு மேல்மாடியைக் காட்டினார்கள். மாமியாரை நாற்காலியில் வைத்துத் தூக்கி ஏற்றினோம். அப்புறம் கொசு. கொச்சிக் கொசு பெயர் பெற்றது. ஊரிலிருந்தே கொசு விரட்டி எடுத்துப் போங்கள்.

எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு டாக்ஸியில் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். உயர்நீதிமன்றத்துக்கு அருகிலிருந்து வாட்டர் மெட்ரோ போகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கினார்கள், அடுத்த வருடமே ஃபோர்ட் கொச்சிக்கு நீட்டினார்கள், 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரித் துறையும் திறந்தார்கள். பேட்டரியில் ஓடும் ஏ.சி. படகு, சத்தமே இருக்காது. டிக்கெட் இருபது ரூபாயிலிருந்து நாற்பதுக்குள். துறைமேடை மிதக்கும் மேடை. அலை ஏறினாலும் இறங்கினாலும் படகின் மட்டத்திலேயே நிற்கும். அம்மா காலைத் தூக்கி வைக்காமல் நடந்தே உள்ளே போய்விடுவார். சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும் வரிசை நீளும். வரிசையைக் கண்டால் அரசுப் படகுத் துறைக்குப் போய்விடுங்கள், அங்கே சில ரூபாயில் அதே காயலைக் கடக்கலாம். ஏறி இறங்க ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை சீனவலை. நம் ஆட்கள் வலைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஒரு அரை மணி நின்று அது வேலை செய்வதைப் பாருங்கள். தேக்கும் மூங்கிலும் கட்டிய பெரிய துலா அது. நம் ஊரில் அந்தக் காலத்தில் ஏற்றம் இறைத்ததை அம்மாயி பார்த்திருப்பார், அதே கணக்குதான். ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கும் கருங்கல். வலை தண்ணீருக்குள் இறங்கும், சில நிமிடம் கிடக்கும், ஐந்தாறு பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள், கல் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க இறங்க வலை மேலே வரும். மீன் இப்போது அதிகம் விழுவதில்லை. ஏற்ற நேரத்தில், அதாவது கடல் உள்ளே ஏறும்போது போனால் ஏதாவது விழும். சீனாவிலிருந்து நேரே வந்ததா, போர்ச்சுகீசியர் மக்காவிலிருந்து கொண்டுவந்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

மாசி, பங்குனியில் அங்கே போவதில் ஒரு லாபம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்து பல மாதம் காயல் முழுக்க ஆகாயத்தாமரை மிதந்து வலையில் சிக்கிக்கொண்டே இருக்கும். கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறைந்து கடலின் உப்பு உள்ளே ஏறும்போது அது செத்துப்போகும். தண்ணீர் தெளிந்து கிடக்கும். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் ஜங்காரில் ஒரு தடவை போய்வாருங்கள், ஐந்து நிமிடப் பயணம். துறைமுக வாயில் அது. டால்ஃபின் முதுகைக் காட்டிவிட்டுப் போவது உண்டு. கட்டாயம் வரும் என்று பையனிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் நாலு தடவையில் ஒரு தடவை பார்த்தேன்.

வலைக்கு அருகிலேயே மீன் விற்பார்கள், பக்கத்துக் கடையில் சமைத்தும் தருவார்கள். வாங்குவதானால் மீன் விலை, சமையல் கூலி இரண்டையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் பேசாமல் உட்கார்ந்த அன்று பில்லைப் பார்த்து மீன் முள் தொண்டையில் சிக்கியது போல ஆகிவிட்டது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-ல் மரத்தில் எழுப்பியது, பிறகு கல்லில் மாற்றினார்கள். 1524 கிறிஸ்துமஸ் சமயத்தில் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். பின்னால் எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறைக் குழி மட்டும் இருக்கிறது. பத்து நிமிடம் போதும். அதைவிட எனக்குப் பிடித்தது ஃபோர்ட் கொச்சியிலேயே ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் தோபி கானா, சலவைத்துறை. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள், இன்னும் தமிழ் பேசுகிறார்கள். கயிற்றைப் பிரி பிரித்து அந்த இடுக்கில் துணியைச் செருகிக் காய வைப்பார்கள், கிளிப்பே கிடையாது. அம்மாயிக்கு அந்த ஊரில் வாய்விட்டுப் பேச ஆள் கிடைக்கும் இடம் அது. வேலை நேரத்தில் நடுவே போய் நிற்காமல் ஓரமாக நின்று பேசுங்கள்.

ஞாயிறு மட்டாஞ்சேரி. அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள். உண்மையில் போர்ச்சுகீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, நூறு வருடம் கழித்து டச்சுக்காரர் பழுது பார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. சுவரில் ராமாயணம் முழுக்கத் தீட்டியிருக்கிறார்கள். பையனை அம்மாயியிடம் விட்டுவிடுங்கள், அவர் கதை சொல்லிக்கொண்டே நகர்வார். யூதர் ஜெபாலயம் 1568-ல் கட்டியது. தரையில் பதித்திருக்கும் நீலப் பூ வேலைப்பாடு ஓடுகள் சீனாவிலிருந்து வந்தவை, கையால் தீட்டியவை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

அந்தத் தெருவில் மிளகு, ஏலம், சுக்கு வாசனை வரும்போது எனக்கு எப்போதும் எங்கள் ஊர்ப் பக்கம்தான் நினைவுக்கு வரும். காங்கேயத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே படியூர் இருக்கிறதே, அங்கே பச்சைக்கல் எடுத்தார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் அதை மணியாகத் தேய்த்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரர்களின் பழைய துறைமுகமான முசிறிக்குப் போய் யவனக் கப்பலில், அதாவது கிரேக்க, ரோமானியக் கப்பலில், ஏறியது. வெள்ளலூரில் தோண்டியபோது ரோமானியக் காசு கிடைத்ததெல்லாம் அந்தக் கொடுக்கல் வாங்கலில் வந்ததுதான். கொச்சிக்கு வடக்கே வட பரவூர் அருகே பட்டணம் என்ற ஊரில் 2007-லிருந்து அகழாய்வு நடந்தது. அதுதான் முசிறி என்று பலர் சொல்கிறார்கள். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் அந்தத் துறை தூர்ந்து கொச்சி வாய் திறந்தது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. நீங்கள் ரயிலில் போகும் வழி இரண்டாயிரம் வருடம் பழைய சந்தை வழி. பையனுக்கு இது இப்போது புரியாது, பரவாயில்லை.

இனிக் கடல். பையன் கடலில் இறங்க வேண்டும் என்றால் ஃபோர்ட் கொச்சிக் கரை அதற்கான இடம் இல்லை. மணல் அரித்துப்போய்க் கல் கிடக்கிறது, கப்பல் போகும் வாயில் வேறு. சூரியன் மறைவதைப் பார்க்க மட்டும் அது நல்ல இடம், ஆறரை மணி வாக்கில். இறங்கிக் குளிக்க வைப்பின் தீவின் வடக்கே செறாயிக்குப் போங்கள். காலை ஏழு மணிக்குள் அங்கே இருந்தால் கூட்டமில்லை. உயிர்காப்பாளர் நிற்கும் பகுதிக்குள், முழங்கால் ஆழம், கையைப் பிடித்துக்கொண்டு.

ஏப்ரல், மே என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மலையாளத்தில் கள்ளக்கடல் என்பார்கள். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் திருடனைப் போல ஏறிக் கரைக்கு வந்துவிடும். தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல் கிளப்பிவிட்ட நீள அலைகள் சில நாள் கழித்து இங்கே வந்து சேருவதுதான் காரணம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், மலையாளச் செய்தியிலும் போனிலும் வரும். அன்றைக்குக் கடற்கரைப் பக்கமே வேண்டாம். காற்றில்லையே, அலை சின்னதுதானே என்று நாமாகக் கணக்குப் போட முடியாத கடல் அது.

சாப்பாடு அம்மாயிக்குக் கஷ்டம் என்று பயப்பட வேண்டாம். மட்டாஞ்சேரியில் தலைமுறை தலைமுறையாகக் குஜராத்திகள் இருக்கிறார்கள், அவர்கள் தெருவில் சுத்த சைவம் கிடைக்கும். எர்ணாகுளத்தில் சைவ ஹோட்டலுக்குப் பஞ்சமில்லை. ஊணு கேட்டால் மட்டை அரிசிச் சோறு வரும், பருமனாக, சிவப்பாக. நமக்கு இறங்காது, பச்சரிச் சோறு என்று கேட்டு வாங்குங்கள். குடிக்க இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைப்பார்கள். பையன் முகம் சுளிப்பான். பதிமுகம் என்ற மரத்துண்டைப் போட்டுக் கொதிக்க வைத்தது, தைரியமாகக் குடிக்கலாம். தண்ணீருக்கு அங்கே வெள்ளம் என்று பேர். என் அப்பாரு முதல் தடவை வந்தபோது, வெள்ளம் வேணுமா என்று கேட்டவனைப் பார்த்துப் பதறிவிட்டார். வெயிலுக்குச் சம்பாரம் வாங்கிக் கொடுங்கள், இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்ட மோர். முதல் நாள் ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது உங்கள் வீட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குருவாயூரைச் சேர்க்க வேண்டாம். கொச்சியிலிருந்து எண்பது கிலோமீட்டர் மேல், வரிசை ஒரு அரை நாள், அம்மாவின் முழங்கால் அத்தோடு போய்விடும். ஒரு கோயிலாவது வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் எர்ணாகுளத்தப்பன் கோயில் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்விடலாம். உங்களுக்கு ஒரு வேட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

மற்றபடி எல்லோருக்கும் பருத்தித் துணி, ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு குடை. குடை வெயிலுக்கும் ஆகும், ஏப்ரலில் சாயங்காலம் இடியோடு வரும் கோடை மழைக்கும் ஆகும். வரும்போது நேந்திரங்காய் வறுவல் வாங்கி வாருங்கள், ஏலக்காய் வாங்கி வாருங்கள். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். அங்கே ஆட்டுகிற கொப்பரையில் ஒரு பங்கு எங்கள் களத்திலிருந்து போனது. வழியில் காங்கேயம் வந்தால் ஆட்டின சூட்டோடு நானே தருகிறேன்.